கண்ணனூரில் ஓர் அரச குடும்பம்: வீரசோமேசுவரனும் அவன் வழியினரும்

1. உரையின் பொருள்

காவிரியும் கொள்ளிடமும் சூழ்ந்த அரங்கத் தீவுக்கு வடக்கே, இன்று மண்ணச்சநல்லூர் வட்டத்துள் அடங்கியிருக்கும் கண்ணனூர், கி.பி. 13ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஹொய்சளப் பேரரசின் தென்தலைநகராக விளங்கியது. சமயபுரம் மாரியம்மனைத் தொழ வரும் பெருந்திரளில் மிகச் சிலரே அருகிலுள்ள போஜீஸ்வரர் கோயிலுக்குள் செல்கின்றனர். அக்கோயில் ‘போசளீச்சுரம்’ என்னும் பழம்பெயரின் திரிபைத் தாங்கி நிற்பதும், ஹொய்சளர் என்ற குடிப்பெயரே தமிழ்க் கல்வெட்டுகளில் ‘போசளர்’ என எழுதப்பட்டதும் கல்வெட்டுத் துறையினர் அறிந்த செய்திகள். அக்கோயிலை எடுப்பித்தவன் வீரசோமேசுவரன். அவன் ஏறத்தாழ 1234 முதல் 1262 வரை ஆண்டவன், குடிவழியால் கன்னடன், ஆட்சிக்காலத்தின் பெரும்பகுதியைத் தமிழ்நாட்டில் கழித்தவன்.

தமிழக வரலாற்று நூல்கள் ஹொய்சளரைப் பெரும்பாலும் சோழர் வீழ்ச்சிக்கும் பாண்டியர் எழுச்சிக்கும் நடுவே வந்துபோன ஒரு படையாகவே காட்டுகின்றன. போர்களின் வரிசையை மட்டும் நோக்கினால் அக்கருத்து பொருத்தமாகவே தோன்றும். ஆனால் அரசனின் பாட்டன், பாட்டி, தந்தை, அத்தை, தேவியர், மக்கள், மணவுறவினர் ஆகியோரைப் பற்றித் திருவானைக்கா, திருவரங்கம், கண்ணனூர் ஆகிய ஊர்களின் கல்வெட்டுகள் தரும் செய்திகளை ஒருங்கே வைத்துப் பார்க்கும்போது வேறொரு வரலாறு புலப்படுகிறது. சோமேசுவரன் தமிழ்நாட்டில் கால் ஊன்றியது படைவலியால் மட்டுமன்று. உறவுமுறையை ஓர் ஆட்சிக் கருவியாக ஆண்டதனாலும் ஆகும். அவன் அரசு தளர்ந்ததற்கும் அதே குடும்பம் இரண்டாகப் பிரிந்தது ஒரு முதன்மைக் காரணம். இவ்விரண்டையும் சான்றுகளின் வழி நிறுவுவதே இவ்வுரையின் நோக்கம்.

2. குடியின் வரவு

ஹொய்சளர் மேற்குத் தொடர்ச்சி மலையின் மலைநாட்டுத் தலைவர்களாக எழுந்தவர்கள். அவர்தம் ஆணைகளின் இறுதியில் அரசனின் கையொப்பமாக வரும் ‘மலபரொள்கண்ட’ என்னும் கன்னடத் தொடர், மலைத்தலைவருள் வீரன் என்று பொருள்படுவது. பிற்காலத்தில் சமவெளியின் பேரரசராக உயர்ந்த பின்னும் அவர்கள் அந்தப் பழைய அடையாளத்தைக் கைவிடவில்லை. 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விஷ்ணுவர்த்தனன் காவிரிக் கரையிலுள்ள தலைக்காட்டைச் சோழரிடமிருந்து கைப்பற்றி, ‘தலைக்காடு கொண்டவன்’ என்ற விருதைச் சூடினான். இராமாநுசர் திருவரங்கத்தை விட்டு மேல்நாட்டுக்குச் சென்று தங்கிய வரலாற்றோடு வைணவ மரபு இணைத்துப் பேசும் அரசனும் இவனே. ஆகவே காவிரியின் மேல்பகுதியில் ஹொய்சளர் சோழரின் பகைவராகவே முதலில் அறிமுகமாயினர்.

இப்பகை உறவாக மாறியது இரண்டாம் வீரபல்லாளன் காலத்தில் (1173–1220). அவன் அரசியருள் பதுமலாதேவி, உமாதேவி ஆகியோருடன் சோழமாதேவி என்ற சோழகுலப் பெண்ணும் இருந்தாள். 1216இல் அரியணை ஏறிய முதலாம் மாறவர்மன் சுந்தரபாண்டியன் சோழநாட்டின்மேல் படையெடுத்துத் தஞ்சையையும் உறையூரையும் எரியூட்டியபோது, முதுமையில் நாடிழந்து நின்ற மூன்றாம் குலோத்துங்கனுக்குத் துணையாக ஹொய்சளப் படை தெற்கே இறங்கியது. பாண்டியன் சோழநாட்டைத் திருப்பித் தந்தான். அதனைத் தன் கொடையாகக் காட்டிக்கொண்டு ‘சோணாடு வழங்கியருளிய’ என்ற அடைமொழியைப் பாண்டியன் ஏற்க, சோழ அரசை நிலைநிறுத்திய ஆசான் என்று பொருள்படும் விருதைப் பல்லாளன் ஏற்றான். ஒரே நிகழ்ச்சிக்கு இருவர் பெருமை கொண்டாடிய நிலையில், அந்த நிகழ்ச்சிக்கு உரியவனான சோழன் இருவருக்கும் கடன்பட்டவனானான்.

பல்லாளனின் மகன் இரண்டாம் நரசிம்மன் இக்கடனை மேலும் பெருக்கினான். மூன்றாம் இராசராச சோழனைக் காடவர் தலைவன் கோப்பெருஞ்சிங்கன் சேந்தமங்கலத்தில் சிறைவைத்த செய்தியையும், நரசிம்மன் ஹொய்சளத் தலைநகரான துவாரசமுத்திரத்திலிருந்து புறப்பட்டு மகர நாட்டை அழித்துப் பாச்சூரில் தங்கியபடி அப்பண்ணன், சமுத்திரக் கோப்பையன் ஆகிய இரு தண்டநாயகர்களை அனுப்பிச் சோழனை மீட்ட செய்தியையும், கடலூரை அடுத்த திருவயிந்திரபுரத்திலுள்ள 1231–32ஆம் ஆண்டுக் கல்வெட்டு விரிவாகக் கூறுகிறது. தண்டநாயகர் என்பது படைத்தலைமையோடு நாட்டாட்சிப் பொறுப்பும் உடைய உயர் அதிகாரியைக் குறிக்கும் பதவிப் பெயர். படைவீடு அமைந்த பாச்சூர் கண்ணனூருக்கு அண்மையில், கொள்ளிடத்தின் வடகரைப் பகுதியிலேயே உள்ளது. மகன் தலைநகர் கண்ட நிலத்தைத் தந்தை போர்த்தங்கலாக ஏற்கெனவே அறிந்திருந்தான் என்பது இதனால் பெறப்படும்.

3. விக்கிரமபுரம்

நரசிம்மனுக்கும் காளலாதேவிக்கும் பிறந்த சோமேசுவரன் இளமையிலேயே ஆட்சிப் பொறுப்பில் அமர்த்தப்பட்டான். மலைநாட்டில் பிறந்த அரசன் சமவெளியில் நிலையாகத் தங்க விரும்பியதை அவனது செப்பேடு ஒன்று வெளிப்படையாகச் சொல்கிறது. செப்பேடு என்பது அரசன் அளித்த நிலக்கொடையைச் செம்புத் தகட்டில் பொறித்துக் கொடுக்கும் ஆவணம். பெங்களூர் அருங்காட்சியகத்தில் சேர்ந்த 1254ஆம் ஆண்டுச் செப்பேடு, தன் தோள்வலியால் வென்ற சோழநாட்டில், மனமகிழ்ச்சிக்காகத் தானே அமைத்த விக்கிரமபுரம் என்னும் பெருந்தலைநகரில் அரசன் வீற்றிருந்தான் என்று கூறுகிறது. கண்ணனூரின் மறுபெயரே விக்கிரமபுரம் என்பதைத் திருவானைக்காக் கல்வெட்டு உறுதிசெய்ய, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கல்வெட்டறிஞர் ஹூல்ஷ் இவ்விரு சான்றுகளையும் இணைத்து அந்நகரின் இருப்பிடத்தை நிறுவினார்.

மனமகிழ்ச்சிக்காக அமைத்த நகர் என்னும் கூற்றை அரசவைப் புலவரின் அலங்காரமாகவே கொள்ளவேண்டும். கண்ணனூரைத் தேர்ந்தமைக்கான காரணங்கள் நிலத்திலேயே தெரிகின்றன. காவிரி இரண்டாகப் பிரியும் இடத்துக்குக் கீழே, கொள்ளிடத்தின் வடகரையில் அமர்ந்திருப்பவன் சோழநாட்டு நீர்வளத்தின் தலைவாயிலில் அமர்ந்திருக்கிறான். தெற்கேயிருந்து வரும் பாண்டியப் படை அவனை நெருங்குவதற்குக் காவிரி, கொள்ளிடம் என்ற இரண்டு ஆறுகளைக் கடந்தாக வேண்டும். காவிரியின் கரையைப் பற்றி மேற்கே சென்றால் ஹொய்சளரின் சொந்த நாடு. வடகரையின் நெல்விளையும் வயல்கள் ஒரு படையைப் பல மாதங்கள் ஊட்டவல்லவை. மண்ணச்சநல்லூரின் பெயரை இன்று தமிழகமெங்கும் எடுத்துச் செல்லும் பொன்னி அரிசியும் இதே வடகரை வளத்தின் தொடர்ச்சியே. இவற்றோடு, தமிழ் வைணவத்தின் தலைமைப் பீடமான திருவரங்கமும் சைவத்தின் பஞ்சபூதத் தலங்களுள் நீர்த்தலமான திருவானைக்காவும் கண்ணனூரிலிருந்து ஆற்றைக் கடக்கும் தொலைவிலேயே உள்ளன. வேற்றுநாட்டு அரசன் ஒருவன் உள்ளூர் மக்களின் ஏற்பைப் பெற விரும்பினால், அவன் பெயர் ஒலிக்க வேண்டிய இடங்கள் இவ்விரண்டு கோயில்களுமே.

அரசவையின் மொழிகளும் இந்த இருநிலை வாழ்வைக் காட்டும். நரசிம்மனின் போர்களைப் பாடும் ‘கத்யகர்ணாம்ருதம்’ என்ற வடமொழி உரைநடைக் காப்பியத்தை இயற்றிய சகலவித்தியாசக்கரவர்த்தி ஹொய்சள அவையைச் சார்ந்தவர். சோமேசுவரனுக்காக மல்லிகார்ச்சுனர் என்ற கவிஞர் ‘சூக்திசுதார்ணவம்’ என்ற கன்னடத் தொகைநூலைத் தொகுத்தார். பழைய காவியங்களிலிருந்து வருணனைப் பகுதிகளைத் தேர்ந்து தொகுத்த நூல் அது. அவர் மகன் கேசிராசர் எழுதிய ‘சப்தமணிதர்ப்பணம்’ கன்னட இலக்கண நூல்களுள் தலையானது. வடமொழிக் காப்பியமும் கன்னடத் தொகைநூலும் அரசனுக்காக எழுந்த அதே காலத்தில், அவன் கொடைகள் காவிரிக் கரைக் கோயிற்சுவர்களில் தமிழில் பொறிக்கப்பட்டன.

4. திருவானைக்காவில் ஒரு குலவரிசை

சோமேசுவரன் தன் குடும்பத்தை எவ்வாறு நினைத்தான் என்பதற்குத் திருவானைக்காவே முதன்மைச் சான்று. சம்புகேசுவரர் கோயிற்பகுதியில் அவன் நிறுவிய சிவ சன்னதிகள் வல்லாளீச்சுரம், பதுமலீச்சுரம், வீரநரசிங்கீச்சுரம், சோமலீச்சுரம் என்று பெயர்பெற்றன. முதல் பெயர் பாட்டன் இரண்டாம் பல்லாளனையும், இரண்டாவது பாட்டி பதுமலாதேவியையும், மூன்றாவது தந்தை நரசிம்மனையும் குறிக்கும். நான்காவதிலுள்ள சோமலாதேவியை அவனை அன்புடன் பேணிய அத்தையாக ஆய்வாளர் கொள்வர். இறந்தவர் பெயராலோ தம் பெயராலோ இறைவனுக்குப் பெயரிட்டுக் கோயில் எழுப்புவது தென்னிந்திய அரசரிடையே நிலவிய பழைய வழக்கம். முதலாம் இராசராசன் தன் பெயராலேயே தஞ்சைப் பெருங்கோயிலை இராசராசீச்சுரம் என அழைத்தான்.

சோமேசுவரன் செய்ததில் இரண்டு சிறப்புகள் உண்டு. முதலாவது, நால்வருள் இருவர் பெண்கள் என்பது. ஹொய்சள அரசகுலத்தில் தேவியர் பட்டமேற்று, கொடை வழங்கி, கல்வெட்டுகளில் தம் பெயராலேயே தோன்றும் மரபு வலுவானது. விஷ்ணுவர்த்தனனின் தேவி சாந்தலை இதற்கு நன்கறியப்பட்ட எடுத்துக்காட்டு. அம்மரபு காவிரிக் கரையிலும் தொடர்ந்தது. இரண்டாவது, இந்நான்கு நினைவுச் சன்னதிகளும் முன்னோர் பிறந்து ஆண்ட துவாரசமுத்திரத்தில் அமையாமல், அவர்கள் படையோடு வந்து சென்ற அயல்நாட்டில் அமைந்தமை. இரண்டு தலைமுறையினரின் பெயர்களைத் தமிழ்நாட்டுப் பெருங்கோயில் ஒன்றின் வழிபாட்டோடு பிணைத்ததன் மூலம், தன் குடி இம்மண்ணுக்கு உரியது என்ற உரிமையை அவன் நாட்டினான். பாட்டனும் தந்தையும் சோழரைக் காத்தவர்கள் என்ற நினைவும், அக்காப்பின் பயனாகத் தான் இங்கே இருப்பது முறையே என்ற வாதமும் அச்சன்னதிகளின் பெயர்களுக்குள் அடங்கியுள்ளன.

அடுத்த தலைமுறையில் பெயர்களே தமிழ்நாட்டுச் சார்பைக் காட்டத் தொடங்கின. சோமேசுவரனின் தேவி தேவலாதேவிக்குப் பிறந்த மகன் இராமநாதன். அவன் உடன்பிறந்தவள் பொன்னம்பல மாதேவி. தில்லைக் கூத்தனின் மன்றத்தைப் பெயராகக் கொண்ட பெண் ஹொய்சள அரண்மனையில் வளர்ந்தாள் என்பது, இக்குடும்பம் தமிழ்நாட்டுத் தெய்வங்களோடு கொண்ட நெருக்கத்தை அரசியல் கணக்குக்கு அப்பாலும் உணர்த்தும்.

5. இரு முடிகளுக்கும் மாமன்

சோமேசுவரனின் அரசியலை விளங்கிக்கொள்ள உதவும் செய்தி, சோழனும் பாண்டியனும் ஒரே காலத்தில் அவனை மாமன் என்று குறித்தமை. 1246இல் ஆட்சிக்கு வந்த மூன்றாம் இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி அவனை மாமன் சோமேசுவரன் என்கிறது. மெய்க்கீர்த்தி என்பது அரசனின் வெற்றிகளையும் பெருமைகளையும் தொகுத்துக் கல்வெட்டின் முகப்பில் பொறிக்கும் புகழ்ப்பகுதி. 1238 அளவில் ஆட்சியேற்ற இரண்டாம் மாறவர்மன் சுந்தரபாண்டியனின் கல்வெட்டோ அவனை ‘மாமடி’ என்ற கன்னட உறவுச்சொல்லால் குறிக்கிறது. தமிழ்நாட்டு முறையில் மாமன் என்பவன் தாய்வழியில் தலைமகன். சீர்செய்யும் கடமையும் சண்டை தீர்க்கும் உரிமையும் உடையவன். இவ்விரண்டையும் சோமேசுவரன் இரு அரசர்கள்மீதும் செலுத்தினான்.

அவன் போர்களின் போக்கை நோக்கினால் ஓர் ஒழுங்கு தெரியும். பாண்டியன் வலுத்து மூன்றாம் இராசராசன் தளர்ந்திருந்த காலத்தில் அவன் சோழனைத் தாங்கினான். மூன்றாம் இராசேந்திரன் பாண்டியரை வென்று சோழரின் பழைய பெருமையை மீட்க முயன்றபோது, அதே சோமேசுவரன் பாண்டியனுக்குத் துணையாகச் சோழனை எதிர்த்தான். மாமனுக்குப் பகையான காலதண்டம் தானே என்று இராசேந்திரன் தன்னைச் சொல்லிக்கொண்டதும், அதே வீரசோமேசுவரனின் கையால் தன் காலில் வீரக்கழல் அணியப்பெற்றதாகப் பெருமை பேசியதும் இக்காலப் பூசலின் சூட்டைக் காட்டும். பின்னர்ப் புதிய பாண்டியன் எழுந்து இருவரையும் அச்சுறுத்தியபோது சோமேசுவரன் மீண்டும் சோழனிடம் நெருங்கினான்.

இதனை நிலையற்ற புத்தி என்று கருதுவது பொருந்தாது. இரண்டு மருமக்களுள் எவனும் மற்றவனை விழுங்கிவிடாதபடி தளர்ந்தவன் பக்கம் நிற்பதே கண்ணனூரின் நிலைத்த கொள்கை. இருவரும் ஏறத்தாழச் சமவலி உடையவர்களாக இருக்கும்வரை நடுவில் நிற்கும் மாமனே மூவருள் பெரியவன். இக்கொள்கைக்குள் ஒரு பலவீனமும் உண்டு. மாமன் தேவைப்படாத அளவுக்கு ஒரு மருமகன் வலுத்துவிட்டால், உறவு என்னும் கருவி பயனற்றுப் போகும். 1251இல் முடிசூடிய முதலாம் சடையவர்மன் சுந்தரபாண்டியன் அத்தகையவனாக வந்தான்.

6. இரு தேவியர், இரு மைந்தர், இரு தலைநகர்

ஆபத்து தெற்கே திரண்டுகொண்டிருந்த அதே ஆண்டுகளில் சோமேசுவரன் தன் நாட்டை இரண்டாகப் பிரித்தான். 1254–55ஐ ஒட்டி நிகழ்ந்த இப்பிரிவினையில், துவாரசமுத்திரமும் பூர்வீக நாட்டின் பெரும்பகுதியும் பிச்சலாதேவியின் மகன் மூன்றாம் நரசிம்மனுக்கும், தமிழ்நாட்டுப் பகுதிகளும் கோலார்ப் பகுதியும் தேவலாதேவியின் மகன் இராமநாதனுக்கும் சேர்ந்தன. நரசிம்மன் 1240ஆம் ஆண்டு ஆகஸ்டு 12ஆம் நாள் பிறந்தவன். அவனுக்குப் பூணூல் அணிவிக்கும் சடங்கான உபநயனம் 1255ஆம் ஆண்டு பிப்ரவரி 25ஆம் நாள் நடந்தது. இத்துணைத் துல்லியமான நாட்குறிப்புகள் இடைக்கால இந்திய அரசர்களுக்கு அரிதாகவே கிடைக்கின்றன. பதினான்கு வயதுச் சிறுவனின் பெயரில் மலைநாடு ஆளப்பட, தந்தையோ கண்ணனூரில் மற்றொரு மகனுடன் இருந்தான் என்பது இவற்றால் தெளிவாகிறது.

பிரிவினைக்கு நடைமுறைக் காரணங்கள் இருந்தன. துவாரசமுத்திரத்துக்கும் கண்ணனூருக்கும் இடையே மலைத்தொடர்களும் பல நாட்பயணமும் குறுக்கிட்டன. வடக்கே தேவகிரி யாதவரும் தெற்கே பாண்டியரும் ஒருங்கே நெருக்கினர். இரு முனைகளிலும் அரசகுலத்தவன் ஒருவன் நேரில் இருப்பது இன்றியமையாதது. முன்னைய ஹொய்சள இளவரசர்களும் தந்தையின் காலத்திலேயே பகுதிகளை ஆண்டதுண்டு. ஆனால் அவர்கள் ஒரே அரியணைக்குக் கீழே ஆண்டனர்; இங்கோ இரண்டு அரியணைகள் உருவாயின. வெவ்வேறு தாயர்க்குப் பிறந்து, வெவ்வேறு நிலங்களில், வெவ்வேறு அமைச்சர்களின் சூழலில் வளர்ந்த இருவரையும் ஒன்றாகப் பிணைக்கத் தந்தையின் உயிர் ஒன்றே இருந்தது.

7. இடைக்கால ஐரோப்பா

இச்சிக்கல் தென்னிந்தியாவுக்கு மட்டும் உரியதன்று. நார்மண்டிக் கோமகனாக இருந்து இங்கிலாந்தை வென்ற முதலாம் வில்லியம் 1087இல் இறந்தபோது, பூர்வீக நாடான நார்மண்டி மூத்த மகன் இராபர்ட்டுக்கும் வென்ற நாடான இங்கிலாந்து அடுத்த மகன் வில்லியம் ரூஃபஸுக்கும் சென்றன. இரு நாடுகளிலும் நிலமுடைய பிரபுக்கள் எந்த உடன்பிறந்தவனுக்குப் பணிவது என்று தடுமாற, 1106இல் டின்ஷப்ரே போரில் இளைய உடன்பிறந்தவன் முதலாம் ஹென்றி இராபர்ட்டைச் சிறைப்பிடித்த பின்னரே இரு பகுதிகளும் ஒன்றாயின. பூர்வீகம் ஒருவனுக்கு, வென்றது மற்றவனுக்கு என்ற இதே பங்கீட்டைத்தான் சோமேசுவரனும் செய்தான்.

காலத்தால் அவனுக்கு இன்னும் நெருங்கியவன் பேரரசன் இரண்டாம் ஃபிரெடெரிக் (1194–1250). செருமானியரின் அரசனாகவும் ரோமப் பேரரசனாகவும் இருந்தும் அவன் உள்ளம் தாய்வழியில் கிடைத்த சிசிலியிலும் தென் இத்தாலியிலுமே தங்கியது. வடக்கே செருமனியை மகன் ஹென்றியிடம் விட்டான். அம்மகன் கலகம் செய்ய, 1235இல் அவனைப் பதவிநீக்கிச் சிறையிலிட்டு, இன்னொரு மகனான கான்ராடை அவனிடத்தில் அமர்த்தினான். ஃபிரெடெரிக் இறந்த பதினெட்டு ஆண்டுகளுக்குள் குடும்பமே அழிந்தது. மகன் மான்ஃபிரெட் 1266இல் பெனவெந்தோ போரில் வீழ, பேரன் கான்ராடின் 1268இல் நேப்பிள்ஸ் நகரில் தலைவெட்டுண்டான்.

மணவுறவின் வலிமையையும் அதே காலத்து ஐரோப்பா அறிந்திருந்தது. புரொவான்ஸ் பிரபுவின் நான்கு பெண்மக்களுள் மார்கரெட் பிரான்சின் ஒன்பதாம் லூயியையும், எலியனோர் இங்கிலாந்தின் மூன்றாம் ஹென்றியையும் மணந்தனர். சகலைகளான இவ்விரு அரசர்களும் தலைமுறைப் பகையை 1259ஆம் ஆண்டுப் பாரிசு உடன்படிக்கையால் தற்காலிகமாகத் தீர்த்துக்கொண்டனர். அரசுகளுக்குள் எழுதிய ஒப்பந்தங்களைவிட இரத்த உறவும் மணவுறவும் உறுதியானவையாகக் கருதப்பட்ட உலகம் அது. தேம்ஸ் கரையிலும் கொள்ளிடக் கரையிலும் அரசர் குடும்பத்தின் வழியாகவே நாட்டை நினைத்தனர்.

8. கண்ணனூரின் வீழ்ச்சி

சடையவர்மன் சுந்தரபாண்டியனின் வடதிசைப் படையெடுப்பு 1257–58ஐ ஒட்டிக் கண்ணனூரைத் தாக்கியது. கண்ணனூர்க் கொப்பம் என்று சுட்டப்படும் அக்கோட்டையைக் கைப்பற்றியதையும், சிங்கணன் உள்ளிட்ட ஹொய்சளத் தலைவர்கள் வீழ்ந்ததையும், யானைகளும் பொருளும் அந்தப்புரத்துப் பெண்டிரும் வென்றவன் கையில் சிக்கியதையும், சோமேசுவரன் மலைநாட்டுக்கு விரட்டப்பட்டதையும் பாண்டியனின் மெய்க்கீர்த்தி பெருமிதத்துடன் விவரிக்கிறது. சில ஆண்டுகள் கழித்துச் சோமேசுவரன் இழந்த நகரை மீட்கத் திரும்பினான். 1262 அளவில் நடந்த போரில் உயிர்நீத்தான். சோமன் என்பது திங்களையும் குறிப்பதால், கருநாடகத் திங்களை மறுவுலகுக்கு அனுப்பியவன் என்று திருவரங்கத்திலுள்ள பாண்டியனின் வடமொழிக் கல்வெட்டு அவ்வெற்றியைச் சிலேடையாகப் பாடுகிறது.

போரில் குவிந்த செல்வத்தைச் சுந்தரபாண்டியன் திருவரங்கத்தில் வாரி வழங்கினான். அரங்கன் கோயிலைப் பொன்னால் வேய்ந்தமையால் அவனுக்குப் ‘பொன்வேய்ந்த பெருமாள்’ என்ற பெயர் நிலைத்தது. ஹொய்சளரும் அதே கோயிலில் தம் தடத்தைப் பதித்திருந்தனர். இராமநாதனின் தொடக்க ஆட்சியாண்டுகளில், 1257 அளவில், சிங்கண்ண தண்டநாயகர் திருவரங்கம் கோயிலில் நோயாளிகளுக்கான ஆரோக்கியசாலை ஒன்றை நிறுவினார். அது பிற்காலத்தில் அழிவுற்று, 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் கருடவாகன பட்டரால் புதுப்பிக்கப்பட்டது. பொன்வேய்ந்த விமானம் படையெடுப்புகளின்போது எளிதில் கொள்ளைக்கு இலக்காயிற்று. மருத்துவ அறமோ மறக்கப்பட்ட பின்னும் மறுபடி எடுத்து நடத்தப்பட்டது. கோயில் வரலாற்றில் வென்றவனின் கொடையே உரக்கப் பேசப்பட்டாலும், தோற்ற குடும்பத்தின் கொடையும் அளவிட்டு நோக்கத் தக்கது.

9. அண்ணன் தம்பியர் போரும் பேரனின் முடிவும்

தந்தைக்குப் பின் இராமநாதன் தமிழ்நாட்டுப் பகுதியில் ஆட்சியைத் தொடர்ந்தான். தளர்ந்த சோழன் மூன்றாம் இராசேந்திரனும் அவனும் ஒருவரையொருவர் சார்ந்து நின்ற காலம் அது. 1279 அளவில் முதலாம் மாறவர்மன் குலசேகரபாண்டியன் இருவரையும் முறியடித்ததும் சோழ அரசு மறைந்தது. ஹொய்சளரும் காவிரிக் கரையை இழந்தனர். துவாரசமுத்திரத்து உடன்பிறந்தவனின் படை அந்நெருக்கடியில் கண்ணனூரைக் காக்க வரவில்லை. நாடிழந்த இராமநாதன் இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டத்திலுள்ள குந்தாணியைத் தலைநகராக்கிக்கொண்டு, இழந்ததை மீட்கத் தெற்கே செல்லாமல் வடக்கே உடன்பிறந்தவனின் நாட்டுக்குள் படைசெலுத்தினான். பாண்டியரை எதிர்க்க வேண்டிய வலிமை உடன்பிறந்தார் பூசலில் கரைந்தது. நரசிம்மன் 1292இலும் இராமநாதன் 1295இலும் மறைந்தனர். இராமநாதனின் மகன் விசுவநாதன் சில ஆண்டுகளே ஆண்டதும், நரசிம்மனின் மகன் மூன்றாம் வீரபல்லாளன் பிளவுபட்ட நாட்டை மீண்டும் ஒன்றாக்கினான்.

ஒன்றுபட்ட அரசுக்குக் கிடைத்த ஓய்வு குறுகியது. 1311இல் மாலிக் கபூரின் தில்லிப் படை துவாரசமுத்திரத்தைப் பணியவைத்துவிட்டுத் தெற்கே மதுரைக்குச் சென்றது. பின்னாளில் தில்லியின் பிடி தளர்ந்து மதுரையில் தனிச் சுல்தானியம் தோன்றியபோது, பல்லாளன் திருவண்ணாமலையைத் தன் இருப்பிடங்களுள் ஒன்றாக்கிக்கொண்டு தெற்கே எதிர்ப்பைத் திரட்டினான். 1342இல் அவன் முற்றுகையிட்ட கோட்டை, சுல்தானியப் படையினர் காவலிருந்த கண்ணனூர்க் கொப்பம். உடன்பாட்டுக்காகப் போர்நிறுத்தம் நிலவிய நாட்களில், மதுரையிலிருந்து வந்த கியாசுதீன் தம்கானியின் படை எதிர்பாராமல் பாய்ந்து ஹொய்சளப் பாசறையைச் சிதறடித்தது. சிறைப்பட்ட பல்லாளனிடமிருந்து செல்வங்களைப் பெற்றுக்கொண்ட பின் அவனைக் கொன்று, தோலை உரித்து வைக்கோல் அடைத்து மதுரை மதிலில் தொங்கவிட்டதாகவும், அதைத் தாம் கண்டதாகவும் மொராக்கோப் பயணி இப்னு பதூதா எழுதுகிறார். கோட்டையின் பெயரை அவர் குப்பான் என்று குறிப்பார். பல்லாளனுக்கு அப்போது எண்பது வயது என்ற அவர் கூற்று சரியானால், அவன் பிறந்தது பாட்டன் சோமேசுவரன் கண்ணனூர்ப் போரில் மாண்ட ஆண்டை ஒட்டியே அமைகிறது.

பாட்டனும் பேரனும் எண்பதாண்டு இடைவெளியில் ஒரே நகருக்காகப் போரிட்டு உயிரிழந்தமை தற்செயலாகத் தோன்றலாம். காவிரிச் சமவெளிக்குள் வடமேற்கிலிருந்து இறங்க விரும்புவோருக்கும், அவர்களைத் தடுக்க விரும்புவோருக்கும் கண்ணனூரே திறவுகோலாக இருந்தது என்பதே அதன் காரணம். விசயநகர இளவரசன் கம்பணனின் படையும் இவ்வழியிலேயே வந்து கண்ணனூரை மீட்டது. அதன் பின்னரே 1371இல் கம்பணனின் தளபதி கோபணர் அரங்கநாதரைத் திருவரங்கத்தில் மீண்டும் எழுந்தருளச் செய்தார்.

10. முடிவுரை

இதுவரை தொகுத்த சான்றுகளிலிருந்து மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. ஹொய்சளரின் தமிழ்நாட்டு ஆட்சியை ஒரு படையெடுப்பாக மட்டும் காண்பது போதாது. இரண்டாம் பல்லாளன் காலத்து மணவுறவில் தொடங்கி, பாச்சூர்ப் படைவீட்டில் வளர்ந்து, விக்கிரமபுரத்தில் நிலைபெற்ற அது, பெண்மக்களுக்குத் தில்லையின் பெயர் சூட்டும் அளவுக்கு இம்மண்ணோடு கலந்த ஒரு குடும்பத்தின் வாழ்வும் ஆகும். சோழ பாண்டியர் இருவருக்கும் மாமனாக நின்ற சோமேசுவரனின் கொள்கை கால் நூற்றாண்டு பயன்தந்தது. இரு தரப்பும் தளர்ந்திருக்கும்வரையே பயன்தரக்கூடியது என்ற அதன் எல்லையை அவன் முன்னறியவில்லை. வெளியுறவில் குடும்பத்தை அத்தனை திறமையாக ஆண்டவன், தன் வீட்டுக்குள் இரு மைந்தருக்கிடையே எவன் மேலரசன் என்ற கேள்விக்கு விடைகூறாமல் விட்டுச்சென்றான். பாண்டியனின் யானைப்படை கோட்டையை வென்றது. அதை மீட்டுத் தக்கவைக்கும் ஆற்றலை அழித்தது இந்தப் பிரிவினை.

உள்ளூர் வரலாற்றில் ஈடுபாடுடைய இளைஞர்கள் செய்வதற்கு இப்பகுதியில் பணி மிகுதி. திருவானைக்காவின் நான்கு ஈச்சுரங்களையும் கண்ணனூர்ப் போசளீச்சுரத்தையும் திருவரங்கத்து ஹொய்சளக் கல்வெட்டுகளையும் தனித்தனி ஊர்களின் செய்திகளாக வாசிக்காமல், ஒரே குடும்பத்தின் ஆவணத் தொகுதியாக ஒருசேர வாசிக்கவேண்டும். கொடையளித்தவர் யார், அவர் அரசனுக்கு என்ன முறை, எந்தத் தேவியின் சார்பினர், எந்த மைந்தனின் அதிகாரி என்ற கேள்விகளோடு அணுகினால், ஒரு விளக்குக்கு விடப்பட்ட ஆடுகளின் கணக்கிலும் அரண்மனையின் அரசியல் தென்படும். அரசர் வரலாற்றைப் போர்க்களங்களின் பட்டியலாகப் படித்துப் பழகியவர்களுக்கு, அதனை உறவுகளின் வரலாறாகவும் படிக்கக் கற்றுத்தரும் தகுதி மண்ணச்சநல்லூர் வட்டத்தின் இச்சிறு நிலப்பரப்புக்கு உண்டு.